ஒரு மீட்டலின் ஆயுள்

நாகசுரக்காரருக்கு மூச்சு இருக்கிறது; வயலின்காரருக்கு வில் இருக்கிறது. ஸ்வரம் தேயத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் ஊதலாம், இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். கிட்டார்காரருக்கு அந்த வசதி கிடையாது. விரல் தந்தியை விட்ட கணத்தோடு அவர் கொடுக்க வேண்டியது முடிந்துவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் மரமும் காற்றும் பார்த்துக்கொள்கிற காரியம். ஒரு மீட்டலில் தந்திக்குள் சேர்கிற ஆற்றல் மாதச் சம்பளம் மாதிரி ஒரு குறிப்பிட்ட தொகை. முதல் வாரத்திலேயே அள்ளி இறைக்கலாம்; மாதக் கடைசிவரை கிள்ளிக் கிள்ளியும் செலவழிக்கலாம். கூட ஒரு காசு எங்கிருந்தும் வராது. ஒரு கிட்டாரின் நாதம் பிடித்திருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அந்தத் தொகையை அது செலவழிக்கிற விதம் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்த கிட்டார்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான செலவாளி.

தந்தி தானாகப் பெரிய சத்தம் எழுப்புவதில்லை. மின்சாரக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கம்பி மிக மெலிசு. அது காற்றைக் கீறிக்கொண்டு போகிறதே ஒழியத் தள்ளுவதில்லை. தள்ளுவதற்கு அகலமான ஒரு பரப்பு வேண்டும். கிட்டாரில் அந்தப் பரப்பு மேல்பலகை. தந்தியின் நடுக்கம் பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குள் இறங்குகிறது, பலகை ஆடுகிறது, பெட்டிக்குள் இருக்கும் காற்று நடுத்துளை வழியாக உள்ளும் புறமும் போய்வருகிறது. பெரும்பாலான கிட்டார்களில் இந்தக் காற்றின் இயல்பான அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். மேல்பலகையின் முதல் பெரிய அதிர்வு 200 ஹெர்ட்ஸை ஒட்டி. அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் வருவதோ 82 ஹெர்ட்ஸ். பெட்டியின் காற்றுகூட அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அந்தக் கனத்த அடிநாதத்தில் பெரும்பங்கு, மேல்தொனிகளைக் கொண்டு நம் காதே கட்டிக்கொள்வது.

பலகை இப்படித் தந்தியிடமிருந்து வாங்கிக்கொள்வதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். நைலான் தந்தி போட்ட ஒரு கிளாசிக்கல் கிட்டாரை எடுத்து மூன்றாம் தந்தியைத் திறந்தபடி மீட்டுங்கள். பிறகு முதல் ஃப்ரெட், இரண்டாம் ஃப்ரெட் என்று ஒவ்வொன்றாக, ஒரே விசையோடு, ஒவ்வொரு ஸ்வரமும் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து. அந்த வட்டாரத்தில் எங்கோ ஓரிடத்தில் ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடப் பெரிதாக எழும்பும். எழும்பிய வேகத்திலேயே ‘தொம்’மென்று அடங்கியும் விடும். திறந்த மூன்றாம் தந்தி 196 ஹெர்ட்ஸ். இரண்டாம் ஃப்ரெட்டில் 220. மேல்பலகை தானாக ஆட விரும்புகிற இடம் பெரும்பாலும் அங்கேதான். தந்தியும் பலகையும் ஒரே அதிர்வெண்ணில் சந்திக்கும்போது பலகை அந்தத் தொகை முழுவதையும் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. சத்தம் பெரிது, ஆயுள் சின்னது. ஒரு ஸ்வரத்தில் நடக்கிற இந்தப் பேரம்தான் கிட்டார் முழுக்க, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், வெவ்வேறு அளவில் நடக்கிறது. செய்கிறவர் அந்தப் பசிகொண்ட இடத்தை முழுக்க ஒழிக்க முடியாது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விழும்படி நகர்த்தி வைப்பார். அதுவே பெரிய கைத்திறன்.

பலகை எளிதில் ஆட வேண்டுமானால் இலேசாக இருக்க வேண்டும். ஆனால் அதன் மேல் இருக்கிற இழுவை சாதாரணமல்ல. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து 40 கிலோ அளவுக்கு இழுக்கும். எஃகுத் தந்திகள் 70 கிலோவுக்கு மேல். இதைத் தாங்கி நிற்பது 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் பலகை. ஸ்ப்ரூஸ், தண்ணீரில் பாதி எடைகூட இல்லாத மரம்; குளிர்ந்த மலைகளில் மெதுவாக வளர்வதால் ரேகைகள் நெருங்கி, நீளவாக்கில் நல்ல விறைப்போடு இருக்கும். பலகையின் தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதியாகிறது, விறைப்போ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் பலகையை இழைத்து மெலிசாக்கிவிட்டு, உள்பக்கம் மெல்லிய, உயரமான சட்டங்களை ஒட்டுகிறார்கள். கொஞ்சம் எடையில் நிறைய விறைப்பு கிடைக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லாம். இன்னும் நாலு தடவை இழைப்புளி ஓட்டினால் நாதம் திறக்கும். அதற்கு மேல் ஓட்டினால் சில வருஷங்களில் பலகை வயிறு தள்ளி, பிரிட்ஜ் சாய்ந்து, கிட்டார் போய்விடும். நான் விரும்புகிற கிட்டார்கள் எல்லாமே இந்த விளிம்புக்கு மிக அருகில் செய்யப்பட்டவை.

அந்த விளிம்பை முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ். 1817இல் பிறந்தவர், தச்சு வேலை பழகியவர். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவம், 65 சென்டிமீட்டர் தந்தி நீளம், விசிறிபோல விரியும் ஏழு உள்சட்டங்கள் எல்லாம் அவர் கையில் நிலைபெற்றவை. விசிறிச் சட்டங்கள் அவருக்கு முன்னும் இருந்தன. மேல்பலகைதான் கிட்டார், மற்றதெல்லாம் அதைத் தாங்கும் ஏற்பாடு என்று முடிவுகட்டி வேலை செய்தவர் அவர். அதை நிரூபிக்க 1862இல் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை வழக்கமான ஸ்ப்ரூஸ்; முதுகும் பக்கங்களும் காகிதக் கூழ். கோயில் திருவிழாப் பொம்மைக்கு ஆகிற பொருளில் ஒரு கிட்டாரின் முக்கால்வாசி உடம்பு. அது இப்போது பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு இதில் பிழைப்பு ஓடவில்லை. 1870வாக்கில் கிட்டார் வேலையை விட்டுவிட்டு அல்மேரியாவில் பீங்கான் கடை வைத்தார். சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி பட்டறைக்கு வந்தார். 1892இல் இறக்கும்வரை செய்துகொண்டிருந்தார். அவருடைய ரகசியம் என்ன என்று கேட்டபோது, அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, பலகையைப் பிடித்துப் பார்க்கிற கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மட்டுமே அது தெரியும் என்ற பொருளில் பதில் சொன்னாராம். அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. எந்த இரண்டு ஸ்ப்ரூஸ் பலகையும் ஒன்றாக இருப்பதில்லை. 2.3 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொடுத்தால் ஒரு பலகைக்குச் சரியாக இருக்கும், அடுத்ததைக் கெடுக்கும். வளைத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு, அந்தப் பலகைக்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். கிட்டார் மேதை தாரேகா நெடுங்காலம் வாசித்தது 1864இல் தோரெஸ் செய்த கிட்டாரை. அந்த வழியைப் பின்பற்றி ஜெர்மனியில் ஹெர்மன் ஹவுசர் 1937இல் செய்த கிட்டாரைத்தான் செகோவியா கால் நூற்றாண்டு கையில் வைத்திருந்தார். அது இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்.

அள்ளி இறைக்கிற கிட்டார்களில் ஃப்ளமெங்கோ கிட்டார் ஒன்று. சைப்ரஸ் மரத்தில் இன்னும் இலேசான உடம்பு. ஆட்டக்காரியின் குதிகால் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும், அதனால் முன்னால் பாய்ந்து வந்து உடனே விலகிவிடும் நாதம். இன்னொன்று பாரிஸில் 1932இல் மாரியோ மக்காஃபெரி வரைந்து செல்மர் நிறுவனம் செய்த கிட்டார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது அதைத்தான். 1928இல் வண்டிவீட்டில் பிடித்த தீயில் அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் சுருண்டுபோயின. மீதி இரண்டு விரல்களால் அவர் என்ன செய்தார் என்பது உலகத்துக்குத் தெரியும். அந்தக் கிட்டாரின் ஸ்வரம் குட்டையானது, கூர்மையானது. ஜாங்கோ அதை நீட்ட ஆசைப்படுகிற இடங்களில் விரலைத் தந்தியின் மேல் பலமாக அசைக்கிறார். ஸ்வரம் அணையும் முன்பே அதை நடுங்க வைத்துவிடுகிறார். மெதுவான பாடல்களில் இதைக் கவனித்துக் கேட்டால் மனம் இளகிவிடும்.

எஃகுத் தந்திக் கிட்டாரில் எனக்கு நெருக்கமான கதை மார்ட்டின் டி-28. பென்சில்வேனியாவின் நாசரெத்தில் இருக்கிற அந்த நிறுவனம் எஃகின் இழுவைக்கு எக்ஸ் வடிவ உள்சட்டங்களைப் பயன்படுத்தியது; 1930களில் அந்தச் சட்டங்களின் நடுப்பகுதியைக் குடைந்து எடையைக் குறைத்தார்கள். பிறகு வாசிப்பவர்கள் சத்தம் போதாமல் தடித்த தந்திகளை மாட்ட ஆரம்பித்தார்கள், பலகைகள் வீங்கின, பழுதுபார்க்க வந்தவை குவிந்தன. 1944இன் கடைசியில் மார்ட்டின் குடைவதை நிறுத்திவிட்டது. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அன்று இழந்ததைத்தான் இன்றுவரை ஆட்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். 1935இல் செய்த ஒரு டி-28 புளூகிராஸ் கிட்டார்காரர் கிளாரன்ஸ் வைட்டிடம் இருந்தது. அதன் நடுத்துளையை அவருக்கு முன்பே யாரோ பெரிதாக வெட்டியிருந்தார்கள். துளை பெரிதானால் பெட்டிக் காற்றின் அதிர்வெண் மேலே ஏறும். அடித்தந்திகளின் குமுறல் குறைந்து, எல்லாத் தந்திகளும் ஒரே தெளிவோடு பேச ஆரம்பிக்கும். பெரிய உடம்புள்ள கிட்டாரில் வேகமான ஒற்றை ஸ்வரங்களை வாசிப்பவருக்கு வேண்டியது அதுதான். கிளாரன்ஸ் 1973இல், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதி இறந்தார். சிறுவயதில் அந்தக் கிட்டாரைப் பார்த்து மயங்கிய டோனி ரைஸ் 1975இல் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார். 1993இல் ஃப்ளோரிடாவில் அவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து கிட்டார் தண்ணீரில் கிடந்தது. காயவைத்து, சீர்செய்து மறுபடி வாசித்தார். யாரோ எதற்கோ செய்த ஒரு வெட்டு, புளூகிராஸ் இசையின் ஒரு தலைமுறைக் கிட்டார் ஒலியையே தீர்மானித்துவிட்டது.

மரத்தைப் பற்றிப் பேசாமல் கிட்டார்காரர்கள் இருவர் கலைந்து போனதில்லை. முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட்டை மிஞ்சியது இல்லை என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அந்த மரம் கிடைப்பது அரிதாகிப்போக, 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். அது வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்கிற மரம். அமெரிக்காவில் யாரோ ஒருவர் நெஞ்சோடு அணைத்து வாசிக்கிற கிட்டாரின் முதுகு நீலகிரி, வயநாட்டுப் பக்கத்துக் காட்டில் நின்றதாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்தை சைட்ஸ் உடன்படிக்கை 1992இல் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது.

இத்தனை காடு போயிற்றே, காதுக்கு அதனால் என்ன கிடைத்தது? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ராஜர் பக்னால் என்ற கைதேர்ந்த கலைஞரிடம் ஆறு கிட்டார்கள் செய்யச் சொன்னார்கள். முதுகு, பக்க மரம் தவிர மற்றதெல்லாம் முடிந்தவரை ஒன்று. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், விலை குறைந்த மரங்கள் எல்லாம் அதில் இருந்தன. 52 கிட்டார்காரர்கள் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு இருட்டறையில் வாசித்தார்கள். மரத்துக்கு மரம் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எது எது என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. தோரெஸின் காகிதக் கூழ் அதற்கு 156 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது இதைத்தான். ஈட்டி அழகான மரம், அதன் ரேகையைத் தடவிப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நாதத்தின் பெயரால் அதை வெட்டுவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை.

மின்சாரக் கிட்டாரில் கணக்கு தலைகீழாகிறது. இங்கே உடம்பு தந்தியிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. 1940வாக்கில் லெஸ் பால், நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தியும் பிக்கப்பும் பொருத்தி, பார்ப்பவர்களுக்குக் கிட்டார்போலத் தெரிவதற்காக இரண்டாக அறுத்த ஒரு கிட்டார் உடம்பை இருபுறமும் சேர்த்தார். கனமான கட்டை அசைந்து கொடுப்பதில்லை. தந்தி தன் தொகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆடுகிறது. காந்தமும் அதைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுச் செம்புக் கம்பியும் அந்த ஆட்டத்தை மின்சாரமாக்குகின்றன. சத்தத்துக்கான செலவை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்கிறது. கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர், இரைச்சலை ஒழிப்பதற்காக இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து உருவாக்கிய ஹம்பக்கர், 1957இலிருந்து அந்த நிறுவனத்தின் ‘லெஸ் பால்’ என்ற கிட்டாரில் வந்தது. இரைச்சலோடு சில உச்ச மேல்தொனிகளும் அதில் போய்விடுகின்றன. மிஞ்சுவது தடித்த, உருண்ட குரல்.

அந்த வகையில் 1959இல் செய்த ஒன்று பீட்டர் கிரீனிடம் இருந்தது. அதன் ஒரு பிக்கப்பில் காந்தம் எதிர்த்திசையில் இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் மின் அலை மற்றதன் அலையை அழிக்கும். அடிநாதம் பெரும்பாலும் காணாமல் போய், மூக்கால் பாடுவதுபோல உள்ளீடற்ற, தொலைவிலிருந்து வருகிற குரல் மிஞ்சும். தொழிற்சாலைக் கணக்கில் அது பழுது. கிரீன் அதைச் சரிசெய்யவில்லை. ஸ்வரங்களுக்கு நடுவே அவர் விடுகிற இடைவெளிக்கு அந்த மெலிந்த குரல்தான் பொருத்தம். கிட்டார் பிறகு கேரி மூரிடமும், அவருக்குப் பின் சில கைகள் மாறி மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடமும் போனது. மூவர் கையிலும் அதே கிட்டார்தான். கேட்டால் மூன்று மனிதர்கள்.

ஆம்ப்ளிஃபயரின் முன்னால் கிட்டாரோடு நெருங்கி நின்றால் ஸ்பீக்கரின் ஒலியே தந்தியைத் திரும்ப ஆட்டும். தேய வேண்டிய ஸ்வரம் தேய மறுத்து வளர ஆரம்பிக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதை முழு இசையாக ஆக்கினார். கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனாலும் முடிவில்லாத ஸ்வரத்தில் கிட்டாரின் குணம் கொஞ்சம் கரைந்துபோவதாகவே உணர்கிறேன்.

நம் இசை கிட்டாரிடம் கேட்பது வேறு. கமகம் என்பது ஸ்வரம் உயிரோடு இருக்கும்போதே அதை இழுத்து அசைப்பது. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க இடமிருக்கிறது. பலா மரத்தின் கனம் அவசரப்படாமல் செலவழிக்கிறது. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் கமகத்தைத் தொடங்குவதற்குள் ஸ்வரம் பாதி போயிருக்கும். ஜான் மக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசிப்பதற்காக கிப்ஸனின் ஆப்ரஹாம் வெக்டர் அவருக்கு ஒரு கிட்டார் செய்துகொடுத்தார். ஃப்ரெட்டுகளுக்கு இடையே விரல்பலகை குழிவாகக் குடையப்பட்டிருந்தது. விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் இழுக்கலாம். துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு ஒத்ததிர்வுத் தந்திகள், முதன்மைத் தந்தி விட்டதைப் பிடித்து இன்னும் சற்று நேரம் வைத்திருக்க. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இதே சிக்கலுக்கு வேறு வழியில் போனார்: இரட்டைத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலின். இரண்டும் சரியான வழிகள். எனக்கு மக்லாஃப்லினின் கிட்டார்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். மரத்தின் குறுகிய ஆயுளை விட்டுக்கொடுக்காமல் அதற்குள்ளேயே கமகத்துக்கு இடம் தேடிய வேலை அது.

அந்தக் குறுகிய ஆயுளோடு முழு சமாதானத்தில் வாழ்கிற கிட்டார், கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் டிரிக்கர். 1969இல் நாஷ்வில்லில் வாங்கியது. மார்ட்டின் என்-20, நைலான் தந்தி. அவருடைய முந்தைய கிட்டார் உடைந்துபோகவே, அதிலிருந்த பிக்கப்பைப் பழுதுபார்ப்பவர் இதற்குள் மாற்றிப் பொருத்திக்கொடுத்தார். விலை 750 டாலர். கண்ணால் பார்க்காமலே வாங்கினார். விரல்களால் வாசிக்கச் செய்த பலகை அது, காப்புத்தகடு கிடையாது. வில்லி பிக் வைத்து அடித்து வாசித்தார். ஆண்டுக்கணக்கில் ஸ்ப்ரூஸ் தேய்ந்து தேய்ந்து, நடுத்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே இன்னொரு துளையே விழுந்துவிட்டது. ஆஸ்டினில் மார்க் எர்லவைன் என்ற கைவினைஞர் அதை அவ்வப்போது பார்த்து, அரக்குப் பூசி, உள்சட்டங்களைச் சீர்செய்து தருகிறார். துளையை அடைப்பதில்லை.

டிரிக்கரின் ஸ்வரம் வந்த சுவடு தெரிவதற்குள் போய்விடும். வில்லி அதை நீட்ட முயல்வதே இல்லை. தாளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ ஒரு தட்டு, பிறகு வெறும் இடம், அந்த இடத்தில் அடுத்த வரி. 1975இல் டெக்சாஸில் பதிவான ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ தொகுப்பு முழுக்க இப்படித்தான் இருக்கிறது: குரல், அந்தக் கிட்டார், அவர் சகோதரி பாபியின் பியானோ, அங்கங்கே கொஞ்சம் துணை வாத்தியம். கொலம்பியா நிறுவன அதிகாரிகளுக்கு அது முடிக்கப்படாத மாதிரிப் பதிவாகத் தோன்றியது. கலை முடிவுகள் அவருடையவை என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் இருந்தபடியே வெளியிட்டார்கள். அந்த இடங்களையெல்லாம் வயலின் கூட்டத்தால் நிரப்பியிருந்தால் டிரிக்கரின் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.